ஒன்பது வண்டிக்காரரின் ஆண்டுக் கடைசிக் கேள்விக்கு

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். கடலூர் முதுநகரில் அப்பா நடத்திய டிரான்ஸ்போர்ட் இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. பத்துச் சக்கர லாரி 4, குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி 3, கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் 2, ஆக மொத்தம் 9 வண்டி. குடிகாடு சிப்காட்டுக்கும் புதுச்சேரியில் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் பக்கமும் ஓட்டம். 2025 முடிகிறது, வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, ஆனால் கையில் காசு தங்கவில்லை. ஜி.எஸ்.டி. குறைந்திருக்கிறதே, இன்னும் 2 லாரி எடுக்கலாமா, ஜி.பி.எஸ். மென்பொருள் போடலாமா, எலெக்ட்ரிக்குக்கு மாறலாமா, 2026 எப்படி இருக்கும் என்று நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பட்டவரை உள்ளே இருப்பது ஒரே கேள்விதான்: இவ்வளவு ஓடியும் பணம் எங்கே போகிறது? அது தெரியாமல் மற்ற நான்குக்கும் யாராலும் பதில் சொல்ல முடியாது.

நான் பட்டறை ஸ்டோரில் ஸ்பேர் பார்ட்ஸ் எடுத்துக் கொடுக்கும் ஆளாகச் சேர்ந்து, இப்போது 60 வண்டிக்கு மேல் பார்த்துக்கொள்கிறேன். இந்தத் தொழிலில் 21 வருடம் ஆகிறது. லாரி, லோடு வேன், ஸ்டாஃப் பஸ் இவைதான் எனக்குத் தெரிந்தவை. ஆம்னி பஸ், டூரிஸ்ட் டாக்சி பக்கம் நான் போனதில்லை, அதனால் அதைப் பற்றி நான் சொல்வதை நம்ப வேண்டாம். வரி விஷயத்தில் நான் சொல்வதை உங்கள் ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் போகிற இடத்துக்கு வருகிறேன். நம் தொழிலில் எல்லோரும் ஓடிய நாளை எண்ணுகிறோம், வண்டி நின்ற நாளை எண்ணுவதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தவணை, காப்பீடு, சாலை வரி, பர்மிட், டிரைவர் சம்பளம் எல்லாம் சேர்த்து ஒரு லாரிக்கு மாதம் 1,05,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தொகை வேறாக இருக்கலாம், கணக்கின் போக்கு மாறாது. வண்டி 26 நாள் ஓடினால் ஒரு நாளைக்கு 4,000 ரூபாய் சொச்சம் இந்த நிலையான செலவுக்கே போகிறது. 18 நாள்தான் ஓடியது என்றால் அதுவே 5,800 ரூபாயைத் தாண்டிவிடும். வாடகை அதே வாடகை, டீசல் அதே டீசல். 8 நாள் நின்றதில் மாதத்தின் லாபம் முழுவதும் கரைந்துவிட்டது. டிரிப் ஷீட்டைப் பார்த்தால் இது தெரியாது, ஏனென்றால் டிரிப் ஷீட்டில் ஓடிய நாள் மட்டுமே இருக்கும்.

எங்கள் இடத்தில் ஒரு சாதாரண நீள நோட்டு வைத்தோம். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம். நின்றால் ஏன் நின்றது என்று ஒரு சொல் எழுத வேண்டும்: லோடு இல்லை, டிரைவர் இல்லை, பட்டறை, பேப்பர், கேட். பேப்பர் என்றால் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), பர்மிட், இன்சூரன்ஸ் ஏதாவது முடிந்துபோய் நிற்பது. கேட் என்றால் கம்பெனி வாசலில் காத்துக் கிடப்பது. முதல் வருடம் அந்த நோட்டைக் கூட்டிப் பார்க்கும்வரை பட்டறைதான் பெரிய எதிரி என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். கூட்டிப் பார்த்தால் டிரைவர் இல்லாமல் நின்றதும் கேட்டில் நின்றதும் பட்டறையை விட அதிகம். ஸ்பேர் பார்ட்ஸ் விலைக்காகக் கடைக்காரரிடம் அவ்வளவு நாள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பணம் வேறு வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

கேட் விஷயத்தில் நீங்கள் ஏதாவது செய்ய முடியும். எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் கோடவுனில் லாரி காலை 9 மணிக்குப் போனால் சரக்கு இறங்க மாலை 4 ஆகும். கேட்டால் "எல்லா வண்டியும் அப்படித்தான் நிற்கிறது" என்பார்கள். மூன்று மாதம் ஒவ்வொரு டிரிப்புக்கும் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் ஜி.பி.எஸ்.ஸிலிருந்து எடுத்து, ஒரே தாளில் அச்சடித்து மேலாளர் மேஜையில் வைத்தோம். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாதமே வண்டிக்கு நேரம் ஒதுக்கித் தர ஆரம்பித்தார்கள். 4 மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஹால்டிங் சார்ஜ் என்று ஒப்பந்தத்திலும் ஒரு வரி சேர்ந்தது. எல்லா இடத்திலும் இது நடக்கும் என்று சொல்லமாட்டேன். ஒரே வாடிக்கையாளரை நம்பி ஓடுகிறவருக்கு இப்படிக் கேட்பதே கஷ்டம். ஆனாலும் தாளில் எண் இருந்தால் பேச்சின் தொனியே மாறுகிறது.

பட்டறை பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மாதிரிக் குறுகிய தூர ஓட்டத்துக்கு அது முக்கியம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த டீசல் வண்டிகளில் புகைக் குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. அது சூடேறி, சேர்ந்த கரியை எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு வண்டி கொஞ்ச நேரம் தொடர்ந்து ஒரே சீராக ஓட வேண்டும். முதுநகரிலிருந்து குடிகாடு, குடிகாட்டிலிருந்து முதுநகர் என்று நாள் முழுக்க ஓடும் ஸ்டாஃப் வேனுக்கு அந்தச் சூடு வருவதே இல்லை. எங்கள் வேன் ஒன்றில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. டிரைவர் சொன்னார், சூப்பர்வைசர் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அடுத்த வாரம் வண்டி வேகமெடுக்காமல் ஊர்ந்து வந்து நின்றது. 11 நாள் பட்டறையில் கிடந்தது. அதன் பிறகு நாங்கள் செய்தது ஒன்றுதான்: அந்த மாதிரி வண்டிகளுக்கு வாரத்தில் ஒரு நாள் சிதம்பரம் பக்கம் நீளமான டிரிப் கொடுக்கிறோம், விளக்கு எரிந்தால் அன்றே போன் வர வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறோம். அப்புறம், புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்க்கில் ஊற்றும், டிரைவர்கள் யூரியா என்று சொல்லும் ஆட் ப்ளூவை வழியில் கண்ட இடத்தில் வாங்க விடாதீர்கள். கலப்படமானது உள்ளே போனால் சென்சார் கண்டுபிடித்து இன்ஜின் சக்தியையே குறைத்துவிடும்.

டீசல் கணக்கில் நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் லிட்டருக்கு 5 ரூபாய்க்கு மேல் குறைவு. 2025 ஜனவரி 1 முதல் புதுச்சேரி வாட் வரியைக் கூட்டிய பிறகும் இந்த இடைவெளி இருக்கிறது. புதுச்சேரிக்கு லோடு போகிற வண்டி அங்கே நிரப்பி வருவது சரி. அதற்கென்றே காலி லாரியை அனுப்பாதீர்கள். போய் வர 20 கிலோமீட்டர், மைலேஜ் 4 என்றால் 5 லிட்டர் அதிலேயே போகிறது. 150 லிட்டர் நிரப்பி 800, 900 ரூபாய் மிச்சம் பிடித்ததில் கிட்டத்தட்டப் பாதி வழியிலேயே கரைந்துவிடும், டிரைவரின் ஒன்றரை மணி நேரம் வேறு. இதைவிடப் பெரிய கேடு நோட்டில் வருகிறது. நீங்கள் டீசலை ரூபாயில் எழுதி வைக்கிறீர்கள் என்று உங்கள் கேள்வியிலிருந்து தெரிகிறது. இரண்டு விலையில் நிரப்பும் வண்டியின் டீசல் செலவு ரூபாயில் குறைந்தால், வண்டி நன்றாக ஓடியதா, மலிவான பங்க்கில் நிரப்பியதா என்று உங்களால் பிரிக்கவே முடியாது. லிட்டரில் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் டேங்க்கை முழுதாக நிரப்பி, அந்த நேரத்து ஓடோமீட்டரை எழுதுங்கள். மைலேஜ் குறைந்தால் உடனே டிரைவரைச் சந்தேகப்படாதீர்கள். டயரில் காற்று குறைவு, பிரேக் ஒட்டிக்கொள்வது, இன்ஜெக்டர் கோளாறு, கேட்டில் இன்ஜினை அணைக்காமல் நிற்பது எல்லாம் காரணமாகலாம். பெரிய இன்ஜின் சும்மா நின்று உறுமினாலே மணிக்கு 2 லிட்டர் அளவுக்குக் குடிக்கும்.

இப்போது புது லாரி. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது உறுதியான செய்தி. டயருக்கும் அதே குறைப்பு. சரக்கு வண்டிகளின் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 12 சதவீதம் 5 ஆகியிருக்கிறது. வரிக்கு முந்தைய விலை 20 லட்சம் உள்ள லாரியில் 2 லட்ச ரூபாய் வித்தியாசம். ஆனால் இது யாருக்கு லாபம் என்று பார்க்க வேண்டும். வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யை, அதாவது உள்ளீட்டு வரியை, திரும்ப எடுக்கும் நிறுவனங்களுக்கு 28 ஆனாலும் 18 ஆனாலும் கடைசியில் பெரிய வித்தியாசம் இல்லை. வாடிக்கையாளரே 5 சதவீத வரி கட்டுகிற முறையில் ஓட்டும் உங்களைப் போன்றவர்கள் அந்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது, அதனால் குறைப்பு உங்களுக்கு முழுதாகக் கிடைக்கிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. புது வண்டி மலிந்தால் பழைய வண்டியின் விலையும் இறங்கும். உங்கள் பழைய லாரி இரண்டை விற்று முன்பணம் கட்டலாம் என்று நினைத்திருந்தால், முதலில் அவற்றுக்கு இன்று என்ன விலை கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், எண்ணிக்கையைக் கூட்ட இப்போது லாரி எடுக்க வேண்டாம். இருக்கிற 4 லாரியும் சராசரியாக 24 நாளுக்கு மேல் ஓடி, அதற்கும் மேல் லோடைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தால் ஐந்தாவதை எடுங்கள். பழையதை மாற்ற எடுப்பது வேறு கதை. அதற்கு இது நல்ல நேரம். நேஷனல் பர்மிட் சாதாரண லாரிக்கு 12 வயது வரைக்கும்தான், மல்டி ஆக்ஸில் என்றால் 15. 2025 நவம்பரில் எஃப்.சி. கட்டணத்தை வண்டியின் வயதுக்கு ஏற்ப உயர்த்தியிருக்கிறார்கள். 20 வருடம் தாண்டிய கனரக வண்டிக்கு 2,500 ரூபாயாக இருந்தது 25,000. பழைய வண்டியை ஓட்டிக்கொண்டே இருப்பதுதான் சிக்கனம் என்று நம் அப்பாக்கள் காலத்தில் சொன்னது இனி எல்லா வண்டிக்கும் பொருந்தாது.

மென்பொருள் பற்றி. உங்களிடம் வந்த விற்பனையாளர் 40 வகை அறிக்கை வரும் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 40 அறிக்கையை யார் படிப்பது? ஒரு வருடம் எங்கள் திரையில் நாள் முழுக்க எச்சரிக்கை வந்து விழுந்துகொண்டே இருந்தது, ஒரு மாதத்தில் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது மூன்றே மூன்று வைத்திருக்கிறோம்: 20 நிமிடத்துக்கு மேல் இன்ஜின் ஓடியபடி நிற்பது, இரவில் ஷெட்டை விட்டு வண்டி நகர்வது, டேங்க்கில் டீசல் திடீரென்று குறைவது. வாங்கும் முன் உங்கள் புதிய லாரிகளின் பேப்பரை எடுத்துப் பாருங்கள். பி.எஸ். 6 லாரிகள் பலவற்றில் தயாரிப்பு நிறுவனமே டெலிமேட்டிக்ஸ், அதாவது வண்டி எங்கே, எப்படி ஓடுகிறது என்று தகவல் அனுப்பும் கருவி, பொருத்தித்தான் அனுப்புகிறது, அதற்கு லாகின் இருப்பதே தெரியாமல் பலர் இன்னொரு கருவிக்குக் காசு கொடுக்கிறார்கள். இரண்டு வண்டியில் மட்டும் மூன்று மாதம் போட்டுப் பாருங்கள். தகவலை எக்செல் தாளாக இறக்க முடியுமா என்று கேளுங்கள், இல்லை என்றால் பிறகு அவர்களை விட்டு வெளியே வர முடியாது. டீசல் சென்சார் என்றால் ஒவ்வொரு டேங்க்குக்கும் தனித்தனியாக அளவு பிடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மேட்டில் ஏறும்போதெல்லாம் டீசல் திருட்டு என்று காட்டும். கேபினுக்குள் கேமரா வைப்பதானால் டிரைவரிடம் சொல்லிவிட்டு வையுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. விதி இல்லாவிட்டாலும் அதுதான் மரியாதை. செயற்கை நுண்ணறிவு வண்டி பழுதாவதை முன்பே சொல்லிவிடும் என்று இந்த வருடம் எல்லா இடத்திலும் பேச்சு. நூற்றுக்கணக்கான வண்டிகளின் தகவல் சேரும் இடத்தில் அதற்குப் பலன் இருக்கலாம். 9 வண்டிக்கு, கிலோமீட்டர் கணக்கு வைத்துச் செய்யும் சர்வீசும் நல்ல மெக்கானிக்கின் காதும் போதும் என்பது என் எண்ணம்.

எலெக்ட்ரிக்கில் உங்கள் குட்டி யானைகளைப் பற்றி யோசிக்கலாம், லாரிகளைப் பற்றி இப்போதைக்கு வேண்டாம். முதுநகரிலிருந்து புதுச்சேரி போய் வர 50 கிலோமீட்டர் சொச்சம். ஒரே தடம், இரவு உங்கள் ஷெட்டிலேயே தூங்கும் வண்டி. மின் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான ஓட்டம் கிடைக்காது. ஒன்றை எடுத்து ஒரு வருடம் ஓட்டிப் பாருங்கள். சார்ஜரைத் தரையில் பொருத்தாதீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது, அடுத்த இரண்டு மூன்று நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரில் எவ்வளவு உயரம் நின்றது என்று உங்கள் சுவரிலேயே கறை இருக்கும். அதற்கும் மேலே திண்டு கட்டி வையுங்கள். பெரிய மின் லாரிக்கு மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய் சலுகை உண்டு, பழைய லாரியை உடைக்கக் கொடுத்த சான்றிதழ் வேண்டும். விலை, சார்ஜ் வசதி இரண்டையும் பார்த்தால் அது இப்போதைக்குத் துறைமுகம், சிமெண்ட் ஆலை மாதிரி இடங்களுக்கானது. பழைய மின் வண்டியை விற்கும்போது என்ன விலை போகும் என்பதுதான் எனக்குப் பெரிய சந்தேகம், அந்தச் சந்தை இன்னும் உருவாகவே இல்லை.

தண்ணீர் என்றதும் காப்பீடு நினைவுக்கு வருகிறது. வணிக வண்டிக்கு முழுக் காப்பீடு எடுத்திருந்தாலும் விளக்கு, டயர், மட்கார்டு, பானெட், பெயின்ட் இவற்றுக்கெல்லாம் ஐ.எம்.டி. 23 என்ற சேர்க்கை இருந்தால்தான் பணம் வரும். பாலிசியில் அந்த எண் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை என்ன ஆனாலும் ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று டிரைவர்களுக்குச் சொல்லி வையுங்கள். தண்ணீர் புகுந்த இன்ஜினைச் சுழற்றினால் ராடு வளைந்துவிடும், காப்பீட்டுக்காரரும் அது உங்கள் தவறு என்று ஒதுங்கிவிடலாம்.

சாலையைப் பொறுத்தவரை நம் பக்கத்துக்கு நல்ல வருடம். ஜூலையில் சேத்தியாத்தோப்பு - சோழபுரம் நான்கு வழிச் சாலை 50 கிலோமீட்டர் திறந்தது. அக்டோபரில் புதுச்சேரி - பூண்டியாங்குப்பம் 38 கிலோமீட்டரைத் திறந்தார்கள். தெற்கே போகும் லாரி இனி கடலூர் ஊருக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அதே அக்டோபரில் புதுச்சேரி இந்திரா காந்தி சதுக்கத்துக்கும் ராஜீவ் காந்தி சதுக்கத்துக்கும் இடையே மேம்பாலத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். வேலை மும்முரமானால் மேட்டுப்பாளையம் போகும் உங்கள் வண்டிகளுக்கு நேரம் கூடும் என்று நான் எதிர்பார்க்கிறேன். 2026க்கு வாடகை பேசும்போது கிலோமீட்டரை மட்டும் வைத்துப் பேசாமல் நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள். டோலில் 2025 நவம்பர் 15 முதல் ஃபாஸ்டேக் வேலை செய்யாவிட்டால் யு.பி.ஐ.யில் ஒன்றே கால் மடங்கு, ரொக்கமாக என்றால் இரண்டு மடங்கு என்று விதி வந்தது. பேலன்ஸ் பார்க்கும் பொறுப்பை ஒரு ஆளிடம் ஒப்படையுங்கள்.

கடைசியாக எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம், டிரைவர். அடுத்த சில வருடம் இந்தத் தொழிலை முடிவு செய்யப்போவது மென்பொருளும் இல்லை, பேட்டரியும் இல்லை, ஸ்டியரிங் பிடிக்க ஆள் இருக்கிறதா என்பதுதான் என்று நான் நினைக்கிறேன். சிப்காட்டுக்கு ரசாயனம் ஏற்றுகிறவர்களுக்கு இது இன்னும் கடினம். அதற்குத் தனிப் பயிற்சி, லைசென்ஸில் தனிப் பதிவு, 3 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்தல், விபத்து நடந்தால் என்ன செய்வது என்று எழுதிய ட்ரெம் கார்டு கேபினில், எல்லாம் வேண்டும். அப்படிப்பட்ட ஒருவர் போய்விட்டால் அடுத்த ஆள் ஒரு வாரத்தில் கிடைக்கமாட்டார். 2025 அக்டோபர் 1 முதல் தயாரான நடுத்தர, கனரக லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம். டீசல் கூடும் என்று சில முதலாளிகள் முணுமுணுக்கிறார்கள். சித்திரை மாதம் மதியம் 2 மணிக்கு, கேட்டில் வரிசையில் நிற்கும் லாரியின் கேபினில் ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள். இன்ஜின் சூடு காலுக்குக் கீழே, தகரச் சூடு தலைக்கு மேலே. அங்கே 5 மணி நேரம் இருந்துவிட்டு ஒருவர் இரவில் விழுப்புரம் தாண்டி வண்டி ஓட்ட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. பணி நியமனக் கடிதம், வேலை நேரம் இவற்றை எழுத்தில் வைக்கும் பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள். எங்களிடம் பேட்டாவைக் கூட்டியதைவிட, வார விடுமுறை எந்த நாள் என்று முன்பே எழுதி ஒட்டியதும், ஷெட்டில் மின்விசிறியோடு குளிக்க ஒரு அறை கட்டியதும்தான் ஆட்களைத் தங்கவைத்தது. உங்கள் டிரைவர்கள் 9 பேரில் யார் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று உங்களுக்கு உடனே சொல்லத் தெரிந்தால் நல்லது.

இப்போதைக்கு ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். டிசம்பர் 31 மாலை 9 வண்டிக்கும் டேங்க்கை முழுதாக நிரப்பி, ஓடோமீட்டரைப் போட்டோ எடுத்து, நோட்டின் முதல் வரியில் எழுதுங்கள். இன்சூரன்ஸ், எஃப்.சி., பர்மிட் முடியும் தேதி மூன்றையும் அதே பக்கத்தின் மேலே எழுதி வையுங்கள். ஜனவரி முழுக்க நின்ற நாளையும் காரணத்தையும் எழுதிவிட்டு, பிப்ரவரி முதல் வாரம் அந்த 9 பக்கத்தையும் இங்கே போடுங்கள். வாடகையையும் வாடிக்கையாளர் பெயரையும் மறைத்துவிட்டே போடலாம். எந்த வண்டி காசைத் தின்கிறது என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.